இணையம் அறுந்தாலும் விளக்கு எரிய வேண்டும்

சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக்கோடு முடிகிறது. மலையடிவாரத்து நல்லதண்ணியில் விடுதி நடத்துபவரும் கடை போட்டிருப்பவரும் அந்த மாதங்களுக்குள்ளேயே முழு ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பாதித்தாக வேண்டும். இரவில் வந்திறங்கி, சூரிய உதயத்துக்கு முன் உச்சியில் நிற்க வேண்டும் என்று நடுச்சாமம் கழிந்ததும் புறப்படும் யாத்திரிகர்களுக்காக ஒரு ஆள் விழித்திருந்து கதவு திறப்பதும் விளக்குப் போடுவதும் லேசான வேலையல்ல. ஆகவே வாசலுக்கு ஒரு வைஃபை கெமரா, படிக்கட்டுக்கு ஆள் நடமாட்டம் கண்டு எரியும் பல்ப், ஹீட்டரை ஃபோனிலிருந்தே நிறுத்த ஒரு சுவிட்ச் என்று எண்ணம் போவது இயல்பு. தோட்டங்களிலும் இந்த ஆசை வந்துவிட்டது. கொழும்பிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் தாய் தகப்பனை எட்டி இருந்தபடியே பார்த்துக்கொள்ள ஒரு கெமராவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வசதிகள் அத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இணையம் இல்லாத நேரத்தில் இந்தக் கருவி என்ன செய்யும்? இதற்கு ஒழுங்கான பதில் இல்லாத கருவி, கொழும்பில் எப்படியோ, மலையகத்தில் காசுக்குப் பிடித்த கேடு.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் விஷயம் விளங்கும். விடுதியின் மேசையில் இருந்தபடி பத்தடி தள்ளியுள்ள படிக்கட்டு விளக்கை ஃபோனில் அணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டளை நேரே பல்புக்குப் போவதில்லை. ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து மலைமேல் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்தைத் தொட்டு, கொழும்பு வழியாகக் கடலடிக் கேபிளில் ஏறி, சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஒரு சேவருக்குப் போகிறது. கிளவுட் என்று சொல்லப்படுவது அந்தத் தூரத்துச் சேவரைத்தான். அது உங்கள் கணக்கைச் சரிபார்த்து, சரி அணையட்டும் என்று வந்த வழியே சொல்லி அனுப்புகிறது. எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில கம்பனிகளின் கருவிகள் மட்டும், ஃபோனும் பல்பும் ஒரே வைஃபையில் இருந்தால் நேரே பேசிக்கொள்ளும். ஆனால் அதற்குள்ளும் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டனைத் தட்டி அணைப்பது நேரே நடந்தாலும், ஆள் வந்தால் விளக்கு எரியட்டும் என்று நாம் போட்டு வைக்கும் விதி பெரும்பாலும் சேவரில்தான் உட்கார்ந்திருக்கும். படிக்கட்டின் அடியிலுள்ள சென்சர் ஆளைக் கண்டதும் சிங்கப்பூருக்குச் சொல்கிறது. சிங்கப்பூர் படிக்கட்டின் மேலேயுள்ள பல்புக்குச் சொல்கிறது. இணையம் அறுந்துவிட்டால் ஒரே சுவரில் இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அறியாது.

இணையம் அறுவது நம் பக்கத்தில் அபூர்வமான சம்பவமா என்ன? மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களின் தண்ணீரில்தான் கென்யன், விமலசுரேந்திர, லக்ஷபான, பொல்பிட்டிய மின் நிலையங்கள் ஓடுகின்றன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் மலை இது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழைக் காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் தோட்டம் முழுவதும் இருட்டுத்தான். நாடு தழுவிய இருட்டும் நமக்குப் பழகிப்போனது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. கரண்ட் போனால் கோபுரத்தின் பெட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு சிக்னலும் கையை விரித்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது என்ன நடந்தது என்று மலையகத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்த அந்த மழையில் மண்சரிவோடு வீதியும் மின்கம்பியும் தொலைபேசி இணைப்பும் ஒன்றாக அறுந்து போயின. இயற்கை மட்டும்தான் காரணம் என்றும் நினைக்கக் கூடாது. திகன கலவரத்தின்போது, 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தின் இணையத்தை அரசாங்கமே கட்டுப்படுத்தியது. இப்படியொரு நாட்டில், இப்படியொரு மலையில், வாசல் விளக்கின் சாவியைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பது புத்தியான காரியமல்ல.

சரி, இணையம் இருக்கிறது என்றே வையுங்கள். கம்பனி இருக்க வேண்டுமே. கூகுளோடு சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2014இல் ரிவோல்வ் என்ற சிறிய கம்பனியை வாங்கியது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் பெட்டி ஒன்றை ரிவோல்வ் சுமார் 300 டொலருக்கு விற்றிருந்தது. 2016 மே மாதம் சேவரை மூடினார்கள். பழுதே இல்லாத பெட்டி அன்றோடு செத்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியோன் கம்பனி, வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சேவரை நிறுத்திவிட்டுப் போய்விட்டது. பிறகு அதன் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து கம்பனியை வாங்கி உயிர்கொடுத்தார்கள், ஆண்டுச் சந்தாவோடு. இவை பேர் தெரியாத கம்பனிகள் என்று தள்ளிவிடவும் முடியாது. நெஸ்டின் முதல் இரண்டு தலைமுறை வெப்பச் சீராக்கிகளுக்கு 2025 ஒக்டோபர் 25ஆம் திகதியோடு கூகுள் ஆதரவை நிறுத்திக்கொண்டது. வீமோ என்ற பெயரில் பல ஆண்டுகள் சுவிட்சும் பிளக்கும் விற்ற பெல்கின் நிறுவனம், 2026 ஜனவரி 31ஆம் திகதி அவற்றின் பெரும்பாலானவற்றுக்கான கிளவுட் சேவையை மூடுவதாக அறிவித்தது. இந்தக் கதைகளில் என் வாதத்துக்கு வேண்டிய துரும்பு கடைசியில் இருக்கிறது. வீமோவில் தப்பியவை, ஆப்பிளின் ஹோம்கிட் வழியாக வீட்டுக்குள்ளேயே இணைத்து வைத்திருந்த கருவிகள். இன்ஸ்டியோன் சேவர் செத்த அன்றும், ஒன்றோடொன்று நேரே கோத்து வைத்திருந்த சுவிட்சுகள் வழக்கம்போல வேலை செய்தன. உள்ளூர் வழி இருந்தவை பிழைத்தன, இல்லாதவை குப்பைக்குப் போயின.

மலையக மக்களுக்கு இந்த நிலைமை புதிதுமல்ல. லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தும், ஒரு ஜன்னல் வைப்பதற்கோ பின்னால் ஒரு குசினி இறக்குவதற்கோ தோட்டத் துரையிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்த சமூகம் இது. குடியிருப்பது நாம், உரித்து வேறொருவருடையது. கிளவுட் கருவியும் அதே ஏற்பாடுதான்: காசு நம்முடையது, சுவர் நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, அனுமதி மட்டும் அவர்களுடையது. காணி உறுதிக்காக இன்றைக்கும் குரல் கொடுக்கும் மக்கள், காசு கொடுத்து வாங்கும் பொருளிலாவது உரித்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம்.

கெமரா விஷயத்தில் நட்டம் இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே போவது நம் முகம். வைஸ் என்ற மலிவுக் கெமராக் கம்பனியில் 2024 பெப்ரவரியில் ஒரு கோளாறு நடந்து, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கெமராவின் படங்கள் போய்ச் சேர்ந்தன. அமேசனுக்குச் சொந்தமான ரிங் கம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கப் பதிவுகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2023இல் 58 இலட்சம் டொலர் கட்ட ரிங் இணங்கியது. பெரிய கம்பனி என்றால் சேவர் விழாது என்பதும் மூடநம்பிக்கை. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமேசனின் வர்ஜீனியா தரவு நிலையங்களில் ஏற்பட்ட கோளாறில் ரிங் கெமராக்களும் அலெக்ஸாவும் நின்றன. விலையுயர்ந்த 'ஸ்மார்ட்' கட்டில் வாங்கியிருந்த சிலர் அன்றிரவு கட்டிலின் சூட்டைக் குறைக்க முடியாமல் தவித்தார்கள். (இணையம் இல்லாமல் படுக்க முடியாத கட்டில் எதற்கு என்று நம் பாட்டிமார் கேட்டிருப்பார்கள்.) விடுதிக்காரர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. சொந்த வீட்டுத் தேவைக்கு எடுக்கும் பதிவைத் தொடாத 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொழிலுக்காக விருந்தினரைப் பதிவு செய்பவரை அப்படி விட்டுவிடாது. பதிவு விடுதியின் பெட்டிக்குள்ளேயே இருந்தால் யார் பார்த்தார்கள், எத்தனை நாள் வைத்தோம், எப்போது அழித்தோம் என்று சொல்ல முடியும். வெளிநாட்டுச் சேவரில் கிடந்தால் விடுதிக்காரருக்கே தெரியாது.

அப்படியானால் எதை வாங்குவது? விளக்குக்கு முதலில் பல்பை விட்டுவிட்டுச் சுவிட்சைப் பாருங்கள். சுவரிலுள்ள சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் அடங்கும் ரிலே கருவிகள் கிடைக்கின்றன. பல்கேரியாவின் ஷெல்லி, சீனாவின் சோனொஃப் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றைச் சரியாக வயர் பண்ணினால் இணையம் போனாலும், ரவுட்டர் எரிந்தாலும், ஃபோனே இல்லாத ஆச்சிகூடச் சுவிட்சைத் தட்டி விளக்குப் போடலாம். ஷெல்லியைக் கம்பனியின் கணக்கு எதுவும் திறக்காமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே இயக்க முடியும். ஸ்மார்ட் பல்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. கரண்ட் போய் வந்ததும் பல பல்புகள் தாமாக முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். அதிகாலையில் கரண்ட் வந்தால் தூங்கும் விருந்தினர் அத்தனை பேரும் எழும்ப வேண்டியதுதான். கரண்ட் வந்ததும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். நம் ஊரில் அது கொசுறு வசதியல்ல. ஹீட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: 3,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் பிளக்கில் அதைப் பூட்டினால் பிளக் உருகும், அதற்கு மேலும் நடக்கலாம். கிளவுட்டோ உள்ளூரோ, அதற்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சென்சர்களுக்கு ஸிக்பீ என்ற வானலை முறை பொருத்தமானது. அதில் இயங்கும் கருவிகள் வைஃபையைத் தொடுவதே இல்லை. ஒரு சிறிய மையப் பெட்டியோடு தமக்குள் பேசிக்கொள்ளும், கரண்டில் ஓடும் ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். கருங்கற்சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும் பழைய கட்டிடங்களில் சிக்னல் தடுமாறும் என்பதால் இந்தக் கடத்தல் பெரிய உதவி. ஆனால் மையப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஸிக்பீ என்று எழுதியிருந்தும் கிளவுட்டைக் கேட்டே நகரும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. ஃபிலிப்ஸ் ஹியூவின் பெட்டி இணையமில்லாமலும் விளக்குகளை இயக்கும். எல்லாக் கம்பனியின் கருவிகளையும் ஒரே இடத்தில் கட்டியாள வேண்டுமென்றால் ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர் பௌலஸ் ஸ்கவுட்சன் 2013இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினியில், ஒரு சிறிய எல்இடி பல்ப் அளவு கரண்டில் ஓடும். இதன் இணையதளத்தில் ஒவ்வொரு கம்பனியின் கருவிக்கும் எதிரே அது உள்ளூரில் இயங்குகிறதா, கிளவுட்டில் இயங்குகிறதா என்று குறித்திருக்கிறார்கள். மென்பொருளைப் பயன்படுத்தாதவர்களும் கடைக்குப் போகுமுன் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம், செலவில்லாத ஆலோசனை. 2022 ஒக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரமும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசும்படி வகுக்கப்பட்டது. பெட்டியில் மேட்டர் முத்திரை இருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் கம்பனி தன் ஆப்பில் மேலதிகமாகக் கொடுக்கும் வசதிகள் அதற்குள் வராது. கெமராவுக்கு ஓன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த முறையை ஏற்கும் எந்தக் கம்பனியின் பதிவுப் பெட்டியோடும் அதை இணைக்கலாம், மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இவை எல்லாவற்றுக்கும் துணையாக ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வேண்டும். 2022 மின்வெட்டு நாட்களில் வாங்கியதைத் தூசு தட்டி எடுத்தாலே போதும்.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமலில்லை. முதல் மறுப்பு நியாயமான கோபத்தோடு வருகிறது: நாட்சம்பளத்துக்காகப் போராடும் தோட்டத்தில், மழை பெய்தால் ஒழுகும் லயத்தில், ஸ்மார்ட் வீடு பற்றி எழுத வெட்கமில்லையா? கூரைதான் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மலிவான வைஃபை கெமரா யாரையும் கேட்காமல் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. வசதியுள்ளவருக்கு ஒரு கருவி வீணானால் இன்னொன்று. பிள்ளை அனுப்பிய காசில் ஒன்றே ஒன்று வாங்கும் குடும்பத்துக்கு அந்த ஒன்று பத்து வருடம் உழைக்க வேண்டும். தேர்வு பிசகினால் அதிகம் இழப்பவர் கையில் குறைவாக இருப்பவரே.

இரண்டாவது மறுப்பு: வெளிநாட்டிலிருந்து அம்மாவைப் பார்க்கத்தானே கெமரா, இணையம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாதுதான். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு இணையம் வேண்டும், அது இயற்பியல். நான் சொல்வது, தூரத்துப் பார்வைக்கு மட்டும் இணையம் வேண்டியிருக்கட்டும், பதிவதற்கும் விளக்கு எரிவதற்கும் வேண்டாம் என்பது. வீட்டு வலையமைப்புக்குள் வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழைய விபிஎன் இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்றவற்றை ஒரு குடும்பம் இலவசமாகவே பயன்படுத்தலாம். புயல் நாளில் இணைப்பு அறுந்தாலும், கரண்ட் இருக்கும்வரை கெமரா மெமரி கார்டில் பதிந்துகொண்டே இருக்கும், இணைப்பு திரும்பியதும் எடுத்துப் பார்க்கலாம். கிளவுட் மட்டுமே நம்பிய கெமராவில் அந்த மணித்தியாலங்கள் இல்லாமலே போய்விடும்.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. பெரிய கம்பனி தன் கருவிக்குக் காலத்துக்குக் காலம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பும், வீட்டுக்குள் கிடக்கும் கருவியை யார் கவனிப்பார்கள்? 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கெமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அந்த ஒக்டோபரில் இணைய முகவரிச் சேவை வழங்கிய டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் பெரிய தளங்களே முடங்கின. அந்தக் கருவிகளின் குற்றம், இணையத்தின் பக்கம் வாசலைத் திறந்து வைத்திருந்தது. உள்ளூர்க் கருவி என்றால் அந்த வாசலே இல்லாமல் வைத்திருப்பது என்று பொருள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டு வெளியிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். திருத்தம் வந்தால் போடுங்கள்; உள்ளூர்க் கருவிக்கும் அது வரும், எப்போது போடுவது என்பது உங்கள் கையில்.

கஷ்டமானது என்ற மறுப்பை மட்டும் பாதி ஒத்துக்கொள்கிறேன். கிளவுட் பல்பை ஐந்து நிமிடத்தில் பூட்டலாம், ஹோம் அசிஸ்டன்டைப் படிக்க ஒரு வார இறுதியாவது வேண்டும். பேசி இயக்கும் வசதியில் உள்ளூர் முறை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் ஃபோன் திருத்தி, சிசிடிவி பூட்டிப் பிழைக்கும் இளைஞர்களுக்கு இது எட்டாத வித்தையல்ல. ஒரு விடுதியில் செய்தவர் பக்கத்து விடுதியிலும் செய்வார். சந்தாவாக வெளிநாட்டுக்குப் போகும் டொலர் கூலியாக ஊரிலேயே தங்கும்.

வாங்குபவரின் புத்திசாலித்தனத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் கருவியை விற்பவர்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு விற்க முடியாது. பாதுகாப்புத் திருத்தம் குறைந்தது எத்தனை காலம் வரும் என்பதையும் வெளியிட வேண்டும். நம் நாட்டில் பால்மா டின்னுக்குக் காலாவதித் திகதி கேட்கிறோம், சேவர் செத்தால் சாகும் கருவிக்குக் கேட்பதில்லை. இறக்குமதியாளர்கள் பெட்டியின் மேல் இரண்டு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும்: இணையம் இல்லாமல் இந்தக் கருவி எவற்றைச் செய்யும், கம்பனி எந்த ஆண்டு வரை ஆதரவு தரும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களில் என்ன குறிக்கப்பட வேண்டும் என்று உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை, ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும்.